ஹில்லியர்டா, ஆலிவரா?

இருவருமே உள்ளங்கையில் அடங்கும் சிற்றோவியங்கள் வரைந்தவர்கள். ஆலிவர் ஹில்லியர்டின் மாணவர்.

பொற்கொல்லராகப் பயின்ற நிக்கோலஸ் ஹில்லியர்ட் 1572-இல் இங்கிலாந்து அரசி முதலாம் எலிசபெத்தை வரைந்தார். சீட்டுக்கட்டு அட்டையில் ஒட்டிய மெல்லிய கன்றுத்தோல், அதன்மேல் நீர்வண்ணம். முகத்தில் நிழல் விழவே விழாது. அரசிக்கு அதுதான் பிடித்தது. பெயர் கிடைத்தது, பணம்தான் தங்கவில்லை. ஆண்டுக்கு 40 பவுண்டு மானியம் வந்ததே 1599-இல்தான். எலிசபெத்துக்குப் பின் வந்த மன்னர் ஜேம்ஸ் காலத்திலும் அரச ஓவியர் பதவி நீடித்தது. இருந்தும் 1617-இல் கடன் விவகாரத்தில் சிறை!

பிரான்சிலிருந்து சிறுவனாக வந்த புராட்டஸ்டண்ட் அகதி ஐசக் ஆலிவர், முகத்தில் நிழலைத் துணிந்து இறக்கினார். எலிசபெத்திடம் அது பெரிதாக எடுபடவில்லை. அப்புறம் 1605-இல் ஜேம்ஸின் மனைவி ஆன் அவரைத் தன் ஓவியராக்கிக்கொண்டார்.

முகத்தில் உயிர் வேண்டும் என்றால் என் ஓட்டு ஆலிவருக்கு. சரி, நகையும் சரிகையும் வரைவதில்? அங்கே குருதான்.