சுமை ஆட்டோவின் பின் டயர்: நான்கு ஜோடிகளின் கணக்கு

2021 ஆகஸ்டில் வாங்கிய எனது டீசல் சுமை ஆட்டோ இதுவரை 69,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. சோழவந்தானைச் சுற்றியுள்ள தோப்புகளில் தேங்காயும் வாழைத்தாரும் ஏற்றிக்கொண்டு, மேலக்கால், கோச்சடை வழியாக மதுரைக்குள் நுழைந்து, மாட்டுத்தாவணியில் இறக்கிவிட்டுத் திரும்புவதுதான் அதன் அன்றாட வேலை. இந்தத் தூரத்தில் முன் டயரை ஒரே முறைதான் மாற்றினேன். பின்பக்கம் இப்போது ஓடுவது நான்காவது ஜோடி. என்ஜினின் இழுவையும் சுமையின் பெரும்பகுதியும் பின் சக்கரங்கள் இரண்டின் மீதே விழுவதால் இதில் வியப்படைய ஒன்றுமில்லை. ஆனாலும் ஒவ்வொரு ஜோடியும் எத்தனை கிலோமீட்டர் உழைத்தது, எதனால் கழற்ற நேர்ந்தது என்று டீசல் கணக்கு நோட்டிலேயே குறித்து வந்ததால், டயர் வாங்கப் போகும் நண்பர்கள் கேட்கும் கேள்விகளுக்கு இப்போது கொஞ்சம் நிதானமாகப் பதில் சொல்ல முடிகிறது.

வண்டியின் டயர் அளவு 4.50-10. அகலம் நாலரை அங்குலம், டயர் உட்காரும் டிஸ்க்கின் விட்டம் பத்து அங்குலம் என்பது இதன் பொருள். நடுவில் உள்ள சிறு கோடு, உள்ளே நைலான் இழைகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்வாகக் குறுக்கிட்டுப் போடப்பட்டிருப்பதைக் காட்டும். ரேடியல் டயர் என்றால் அந்த இடத்தில் ஆர் என்ற ஆங்கில எழுத்து இருக்கும். மூன்று சக்கரத்துக்கும் ஒரே அளவு என்பதால் ஒரு ஸ்டெப்னி போதும். அளவைப் பொறுத்தவரை குழப்பம் ஏதுமில்லை. அதற்குப் பக்கத்தில் இருக்கும் 8 பிஆர் (பிளை ரேட்டிங்) என்ற குறிப்பில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். உள்ளே எட்டு அடுக்குத் துணி இருக்கிறது என்று அதற்கு அர்த்தமில்லை. பருத்தித் துணி வைத்து டயர் செய்த காலத்து அடுக்குக் கணக்கை ஒட்டி இன்றும் எழுதப்படும் வலிமைக் குறியீடு அது. 6 பிஆர் டயர் முந்நூறு ரூபாய் குறைவு என்று கடைக்காரர் எடுத்து வைக்கும்போது கை அந்தப் பக்கம் போகத்தான் செய்யும்.

அந்த முந்நூறு ரூபாயை மிச்சம் பிடிக்கலாமா என்பதைச் சுமைக் கணக்குதான் சொல்ல வேண்டும். என் வண்டியின் ஆர்.சி.யில் உள்ள மொத்த எடை 975 கிலோ. அதில் ஏறக்குறைய 700 கிலோ பின்பக்கம் இறங்குகிறது என்று வைத்துக்கொண்டால் ஒரு டயருக்கு 350 கிலோ. உரித்த தேங்காய் எண்ணூறு ஏற்றினாலே இந்த அளவு வந்துவிடுகிறது. ஆயிரத்து இருநூறு ஏற்றச் சொல்லும் வியாபாரிகள் உண்டு, ஏற்றிய நாட்களும் உண்டு. அந்த நாட்களில் ஒரு பின் டயர் 450 கிலோ வரை சுமந்திருக்க வேண்டும். டயரின் பக்கவாட்டில் இரண்டு இலக்கத்தில் சுமை எண் ஒன்று அச்சிடப்பட்டிருக்கும். அது 75 என்றால் அந்த டயர் 387 கிலோ தாங்கும், 84 என்றால் 500 கிலோ. கூடுதல் சுமையை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் எப்போதாவது ஏற்றுவோம் என்று தெரிந்தே விளிம்பில் நிற்கும் டயரை வாங்குவது, அந்தத் தவற்றின் மேல் இன்னொன்றைச் சேர்ப்பதுதான்.

வண்டியுடன் வந்த முதல் ஜோடி 24,000 கிலோமீட்டர் ஓடியது. பட்டன், அதாவது தரையைத் தொடும் ரப்பர் மேடுகள், முழுவதும் தேய்ந்து மொட்டையாகும் முன், 2022 டிசம்பரில், அதே டயர்களை ரீட்ரெட் செய்ய, அதாவது தேய்ந்த மேல்பரப்பில் புதிய ரப்பர் ஒட்டக் கொடுத்தேன்; அதுவே என் கணக்கில் இரண்டாவது ஜோடி. டயர் ஒன்றுக்கு 1,300 ரூபாய், புதிய டயரின் விலையில் பாதி. ஆறு மாதம்கூட ஆகவில்லை. 2023 மே மாத நண்பகலில், கோச்சடையை நெருங்கும்போது இடது டயரின் ஒட்டு ரப்பர் உரிந்து மட்கார்டில் அடித்தது. வேகம் குறைவாக இருந்ததால் வண்டி சாயவில்லை. ரப்பர் ஒட்டியவர்களைக் குறை சொல்வதற்கு எனக்கு முழு உரிமை இல்லை. அடியில் இருந்தது அளவுக்கு மீறிய சுமையில் 24,000 கிலோமீட்டர் நெளிந்து களைத்த டயர். பக்கவாட்டில் மயிரிழை வெடிப்புகள் இருந்ததைப் பார்த்த பிறகும் கொடுத்தவன் நான்தான். லாரிக்காரர்கள் ரீட்ரெட் டயரில் நிம்மதியாக ஓட்டுகிறார்கள் என்றால், அடி டயரைச் சோதித்துத் தேர்ந்தெடுப்பதும் அதற்கு ஒரு காரணம். ஆக, 2,600 ரூபாய்க்கு 9,000 கிலோமீட்டர் கிடைத்தது. கிலோமீட்டருக்கு 29 காசு.

மூன்றாவது ஜோடியைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் சேறு. ஐப்பசி, கார்த்திகை மழையில் வாய்க்கால் கரைப் பாதைகளில், பட்டன் நீளவாட்டு வரிகளாக ஓடும் வரி டயர் போட்ட வண்டி நின்ற இடத்திலேயே சுற்றும் என்பதை அனுபவித்திருந்ததால், குறுக்குக் கட்டைகளாகப் பட்டன் அமைந்த, கடைகளில் லக் என்று சொல்கிற டயரை 5,400 ரூபாய் கொடுத்து ஜோடியாகப் போட்டேன். சேற்றில் அது சொன்னபடி உழைத்தது என்பதை மறுக்க முடியாது. ஆனால் என் அறுபது கிலோமீட்டர் ஓட்டத்தில் சேறு வருவது இரண்டு கிலோமீட்டர், அதுவும் ஆண்டில் இரண்டு மாதம். மீதி நாளெல்லாம் தார்ச்சாலையில் அந்தக் கட்டைகள் ஒவ்வொன்றாக அறைந்துகொண்டே போகும் இரைச்சலும், லிட்டருக்கு ஒரு கிலோமீட்டருக்கு மேல் குறைந்த மைலேஜும்தான் கிடைத்தன. கட்டைகளின் ஒரு விளிம்பு மட்டும் தேய்ந்து ரம்பப் பல் போல ஆனபின் இரைச்சல் இன்னும் கூடியது.

இந்த ஜோடியில்தான் ஒற்றை டயர் மாற்றும் பிழையையும் செய்தேன். 11,000 கிலோமீட்டரில் ஒரு கம்பித் துண்டு வலது டயரின் பக்கவாட்டைக் கிழித்தது. இடது டயரில் இன்னும் பாதிப் பட்டன் இருக்கிறதே என்று, வலது பக்கம் மட்டும் அதே வகையில் புதியது வாங்கிப் போட்டேன். இரண்டுக்கும் பட்டன் உயரத்தில் 6 மில்லிமீட்டர் வித்தியாசம். சிறிய எண்தான், ஆனால் ஒரு சுற்றுக்கு 38 மில்லிமீட்டர், ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 25 மீட்டர் என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் சிறிய டயர் அந்த அளவு கூடுதலாகச் சுற்றியே ஆக வேண்டும் என்பது புரியும். பின் சக்கரங்கள் இரண்டையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிட, வளைவில் திரும்பும்போது மட்டும் வேலை செய்ய வேண்டிய டிஃபரன்ஷியல் பல்சக்கரங்கள் நேர்ச்சாலையிலும் ஓயாமல் உருளும். பிரேக் பிடித்தால் வண்டி ஒரு பக்கம் இழுத்தது, காலிப் பெட்டியோடு திரும்பும்போதுகூட ஹேண்டிலை இறுக்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. பணம் போனாலும் இரண்டையும் சேர்த்தே மாற்றியிருக்க வேண்டும். இடைப்பட்ட அந்த ஒற்றை டயரின் விலையைச் சேர்க்காமலே, 19,000 கிலோமீட்டருக்கு இந்த ஜோடியின் செலவு கிலோமீட்டருக்கு 28 காசு ஆனது; ரீட்ரெட்டைவிட ஒரு காசுதான் குறைவு.

லக் டயரைப் பற்றி இவ்வளவு குறை சொன்னபின் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த ஜோடியைக் கழற்றிய அன்று, பஞ்சர் கடைக்காரர் இடது டயரைத் தரையில் உருட்டிக் காட்டினார். ஓரங்கள் இரண்டும் வழுக்கையாக இருந்தன, நடுவில் மட்டும் பட்டன் நின்றது. "டயரு போகலைண்ணே, காத்துதான் போயிருக்கு" என்றார். அளந்து பார்த்தபோது, கைப்புத்தகம் சொல்லும் அளவைவிடக் காற்றழுத்தம் பத்து பவுண்டு குறைவாக நான் மாதக்கணக்கில் ஓட்டியிருக்கிறேன் என்று தெரிந்தது. காற்று குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் கூடுதலாக நசுங்கி விரிகிறது, அந்த நெளிவே சூடாகிறது, சூட்டில் ரப்பர் சீக்கிரம் தேய்கிறது, இழைகளோடு உள்ள ஒட்டும் தளர்கிறது. சுமை எண் தாங்கும் என்று சொல்லும் 500 கிலோவும் முழுக் காற்றுக்கான கணக்குதான். ஆகவே லக் ஜோடி 19,000த்தில் முடிந்ததற்குப் பட்டன் எவ்வளவு காரணம், என் அலட்சியம் எவ்வளவு காரணம் என்று இப்போது பிரித்துச் சொல்ல இயலாது. ரீட்ரெட் உரிந்த கதையிலும் இதே சந்தேகம் எனக்கு உண்டு.

2024 ஜூலையில் போட்ட நான்காவது ஜோடி, நடுவில் நீளவாட்டு வரிகளும் ஓரத்தில் கட்டைகளும் கலந்தது; 8 பிஆர், சுமை எண் 84, ஜோடி 5,600 ரூபாய். நிறுவனத்தின் பெயரை நான் எழுதாததற்குக் காரணம், ஒரே நிறுவனம் இந்த மூன்று வகைப் பட்டனிலும் டயர் போடுகிறது, பெயரை மட்டும் கேட்டு வாங்குபவர் எதை வேண்டுமானாலும் வாங்கி வந்துவிடுவார். மேலூர்ச் சாலையில் வெள்ளரிப்பட்டியில் டிவிஎஸ் ஸ்ரீசக்ராவின் டயர் ஆலை இருப்பதால் மதுரைக்காரர்களுக்கு இதில் ஊர்ப்பாசமும் சேர்ந்துகொள்ளும், எனக்கும் உண்டு. ஆனால் ஆலை பக்கத்தில் இருப்பதால் கடையில் இருக்கும் டயரும் புதிது என்று ஆகிவிடாது. பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும், முதல் இரண்டு வாரத்தையும் பின் இரண்டு ஆண்டையும் சொல்லும். எனக்கு முதலில் எடுத்துக் கொடுத்த டயரில் இருந்தது 3121, அதாவது 2021ஆம் ஆண்டின் 31ஆவது வாரம். ஏறக்குறைய என் வண்டியின் வயது அந்தப் 'புதிய' டயருக்கும்! திருப்பிக் கொடுத்து வேறு ஜோடி கேட்டதும், கடைக்காரர் முகம் சுளிக்காமல் உள்ளேயிருந்து எடுத்து வந்தார்.

இந்த ஜோடி போட்ட நாளிலிருந்து சொந்தமாக ஒரு காற்றளவி வைத்து, திங்கட்கிழமை காலையில், வண்டியை எடுக்கும் முன்பே பார்த்துவிடுகிறேன். ஓடிச் சூடான டயரில் அளந்தால் அழுத்தம் கூட்டிக் காட்டும். கூடுதல் என்று நினைத்து மத்தியானத்தில் காற்றை இறக்கிவிட்டால் மறுநாள் காலையில் அது குறைந்து கிடக்கும். 17,000 கிலோமீட்டர் ஆன நிலையில், 9.5 மில்லிமீட்டரில் தொடங்கிய பட்டன் 4.5இல் நிற்கிறது, ஓரமும் நடுவும் ஒன்றுபோல் தேய்ந்திருக்கின்றன. டயரை மாற்றும் நேரம் வந்துவிட்டதைக் காட்ட, பள்ளத்துக்குள் இருக்கும் தேய்மான மேட்டைத் தொடுவதற்குள் 27,000 வரை போகும் என்பது என் கணிப்பு. போனால் கிலோமீட்டருக்கு 21 காசு. சேற்றில் லக் அளவுக்கு இழுக்கவில்லை. சென்ற கார்த்திகையில் இரண்டு முறை தோப்புக்காரர்களைக் கூப்பிட்டுத் தள்ள வேண்டியிருந்தது.

சீமைக்கருவேல முள்ளுக்கு மட்டும் எந்த டயரும் பதில் சொல்லவில்லை. பட்டன் ஆழமாக இருக்கும்வரை முள் டியூபை எட்டுவது குறைவு. 5 மில்லிமீட்டருக்குக் கீழே வந்ததும் மாதத்துக்கு ஒரு பஞ்சர் என்பது எல்லா ஜோடிக்கும் பொதுவாக இருந்தது, இந்த ஜோடிக்கும் போன மாதம் முதல் தொடங்கிவிட்டது. பஞ்சர் ஒட்டியபின் டயரின் உள்பக்கத்தை விரலால் தடவிப் பார்க்காமல் மாட்டவிட வேண்டாம். முறிந்த முள்முனை உள்ளேயே இருந்துகொண்டு அடுத்த நாளே புதிய டியூபையும் குத்தியதால் ஒரு லோடு வாழைத்தார் மேலக்காலிலேயே மாலை வரை கிடந்தது. அந்த ஒற்றை லக் டயர் இப்போது ஸ்டெப்னியாக இருக்கிறது. பின்பக்கம் பஞ்சரானால் அதைப் போட்டுக்கொண்டு அடுத்த பஞ்சர் கடைவரை மட்டும், மெதுவாக ஓட்டுகிறேன்.