சார்ஜ் போட்டால்தான் பிளக்-இன்: ஒரே குடும்பத்தில் மூன்று வகைக் கார்

எங்கள் குடும்பத்தில் மூன்று வகைக் கார் இருக்கிறது. என்னுடையது பிளக்-இன் ஹைபிரிட், அதாவது பெட்ரோல் எஞ்சினும் மின் மோட்டாரும் சேர்ந்த, சுவர் பிளக்கில் சார்ஜ் போடும் கார். தம்பி வைத்திருப்பது பிளக் இல்லாத சாதாரண ஹைபிரிட். அக்கா ஓட்டுவது முழு மின்சார கார். மூன்றும் ஏறக்குறைய ஒரே அளவு, ஐந்து பேர் உட்காரும் வண்டிகள். நான் வாங்கி மூன்று வருடமாகிறது. ஒன்று சேரும்போதெல்லாம் சாவியை மாற்றிக்கொண்டு ஓட்டிப் பார்ப்பது எங்களுக்கு வழக்கம். அதனால் இங்கே எழுதுவதில் பெரும்பகுதி நாங்களே ஓட்டி, நோட்டில் குறித்து வைத்தது.

மூன்றுக்கும் உள்ள வேறுபாட்டைப் பேட்டரியின் அளவே சொல்லிவிடும். தம்பி காரில் ஒரு யூனிட்டைச் சற்றுத் தாண்டும் பேட்டரி. மின் கட்டணத்தில் நாம் கணக்குப் பார்க்கும் அதே யூனிட்தான், அதாவது கிலோவாட் மணி. பிரேக் பிடிக்கும்போது கிடைக்கும் மின்சாரத்தையும், எஞ்சினிடம் மிஞ்சுவதையும் அது வாங்கி வைத்துக்கொண்டு, வண்டி நகரத் தொடங்கும்போது திருப்பிக் கொடுக்கும். 1997 டிசம்பரில் ஜப்பானில் டொயோட்டா பிரியஸ் வந்ததிலிருந்து ஹைபிரிட் என்பதன் அடிப்படை இதுதான். என் காரில் 14 யூனிட் பேட்டரி. அதைச் சுவர் பிளக்கில் சார்ஜ் போட்டு நிரப்ப வேண்டும். தீர்ந்துபோனால் பெட்ரோல் எஞ்சின் பார்த்துக்கொள்ளும். அக்கா காரில் 60 யூனிட். எஞ்சின் கிடையாது.

பிளக்-இன்களுக்குள்ளேயே வித்தியாசம் பெரிது. 2012 மாடலாக வந்த முதல் பிரியஸ் பிளக்-இன்னில் 4.4 யூனிட் பேட்டரிதான். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் அளவீட்டில் மின்சார ஓட்டம் 11 மைல், அதாவது 18 கிலோமீட்டருக்கும் கீழே. 2010 டிசம்பரில் விற்பனைக்கு வந்த செவ்ரோலே வோல்ட்டில் 16 யூனிட், 35 மைல், சுமார் 56 கி.மீ. 2023 பிரியஸ் பிளக்-இன்னில் 13.6 யூனிட்டில் 44 மைல், ஏறக்குறைய 71 கி.மீ. ஆகவே வாங்கும் முன் பார்க்க வேண்டிய முதல் எண் குதிரைத் திறனோ மைலேஜோ இல்லை. உங்கள் அன்றாட ஓட்டம் இந்த மின்சாரத் தூரத்துக்குள் அடங்குமா என்று பாருங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

எனக்கு அடங்குகிறது. வேலைக்குப் போய்வர 34 கி.மீ. என் காரின் 14 யூனிட்டில் ஓட்டுவதற்குக் கிடைப்பது 11 மட்டுமே, மிச்சத்தைக் கார் தொடவிடாது. புதிதில் ஏசி இல்லாமல் 52 கி.மீ., ஏசி போட்டால் 45 கி.மீ. வந்தது. இரவு வந்ததும் சாதாரண 10 ஆம்பியர் பிளக்கில் மாட்டிவிடுவேன். அதில் வருவது 2.3 கிலோவாட். முழுதாகத் தீர்ந்திருந்தாலும் ஐந்தரை மணி நேரத்தில் நிறைந்துவிடும். காலையில் சத்தமில்லாமல் கிளம்பி, சத்தமில்லாமல் திரும்புவேன். நெரிசலில் நகர்ந்து நகர்ந்து போகும் நாட்களில் அந்த அமைதிதான் இந்தக் காரில் எனக்கு மிகவும் பிடித்தது. சாதாரண மாதத்தில் பெட்ரோல் 10 லிட்டரைத் தாண்டாது. அதுவும் வார இறுதிப் பயணங்களுக்குத்தான்.

பிளக் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். முதல் மாதம் நான் பழைய பிளக் பாயின்ட்டிலேயே போட்டேன். ஒருநாள் தொட்டுப் பார்த்தால் சூடு, பிளக்கின் ஓரம் பழுப்பேறியிருந்தது. வீட்டில் வேறெந்தப் பொருளும் 10 ஆம்பியரை ஐந்தாறு மணி நேரம் விடாமல் இழுப்பதில்லை. எலக்ட்ரீஷியனை அழைத்துத் தனி வயர் இழுத்து, தனி எம்சிபி (மின்சாரம் அளவுக்கு மீறினால் தானே அணையும் சுவிட்ச்), நல்ல எர்த் போட்ட பிறகே நிம்மதி. எக்ஸ்டென்ஷன் வயரில் கார் சார்ஜ் போடுவதை எந்தச் சூழலிலும் செய்யாதீர்கள்.

பிளக் இல்லாத ஐந்து வாரம்

இரண்டாம் வருடத்தில், நான் வண்டி நிறுத்தும் இடத்தில் மராமத்து நடந்தது. ஐந்து வாரம் மின் இணைப்பு இல்லை. அந்த ஐந்து வாரத்தில் 1,150 கி.மீ. ஓட்டினேன். 68 லிட்டர் பெட்ரோல் போயிற்று. லிட்டருக்கு 17 கி.மீ. தம்பியிடம் கேட்டேன். அதே காலத்தில் அவன் 1,200 கி.மீ. ஓட்டி 60 லிட்டர் போட்டிருந்தான். லிட்டருக்கு 20.

சார்ஜ் இல்லாத பிளக்-இன், நிறைய எடை சுமக்கும் ஒரு ஹைபிரிட். நான் நூறு கிலோவுக்கு மேல் பேட்டரியைத் தினமும் சும்மா தூக்கிக்கொண்டு திரிந்தேன். அமெரிக்க அளவீட்டிலும் இது தெரிகிறது. 2021 டொயோட்டா ராவ்4 ஹைபிரிட் கேலனுக்கு 40 மைல். அதன் பிளக்-இன் வடிவமான ராவ்4 பிரைம், பேட்டரி தீர்ந்த நிலையில் 38 மைல். எண்ணில் சின்ன வித்தியாசம்தான். ஆனால் பெரிய பேட்டரிக்குக் கூடுதல் பணம் கொடுத்துவிட்டுப் பின்தங்குகிறோம் என்பதுதான் உறுத்துகிறது.

இது என் ஒருவன் கதையும் இல்லை. 2021இல் பதிவான கார்களின் உள்கணினியிலிருந்தே எரிபொருள் விவரத்தை எடுத்து, ஐரோப்பிய ஆணையம் 2024 மார்ச்சில் ஓர் அறிக்கை வெளியிட்டது. பிளக்-இன் ஹைபிரிட்கள் சாலையில் வெளியிடும் கார்பன், ஆய்வகச் சான்றிதழில் உள்ளதைவிடச் சராசரியாக 3.5 மடங்கு. காரணம் புரிந்துகொள்ளக்கூடியதே. பெரும்பாலான தூரம் மின்சாரத்தில் ஓடும் என்ற அனுமானத்தில்தான் அந்தச் சான்றிதழ் கணக்கிடப்பட்டது. மக்கள் அவ்வளவு சார்ஜ் போடுவதில்லை. நிறுவனம் கொடுக்கும் கார்களில் நிலைமை இன்னும் மோசம் என்று 2022இல் வந்த ஓர் ஐரோப்பிய ஆய்வு சொன்னது: சொந்தக் கார்களில் மூன்று மடங்கு, நிறுவனக் கார்களில் ஐந்து மடங்கு. பெட்ரோல் செலவை நிறுவனம் ஏற்கும்போது, இரவில் கேபிளை எடுத்து மாட்ட யாருக்குத் தோன்றும்? அந்த மனிதர்களை நான் குறை சொல்லவில்லை. அவர்கள் வாழ்க்கைக்குத் தவறான வண்டி கொடுக்கப்பட்டிருக்கிறது.

நெடுந்தூரம்

ஒருமுறை மூன்று காரும் ஒரே ஊருக்கு, ஒரே நாளில் போயின. 380 கி.மீ. நான் முழு சார்ஜோடு கிளம்பினேன். முதல் 50 கி.மீ. மின்சாரம். மீதி 330 கி.மீ.க்கு 18 லிட்டருக்குச் சற்று மேல். தம்பிக்கு மொத்தப் பயணத்துக்கும் 19.5 லிட்டர். ஒரு லிட்டருக்குச் சற்று மேல்தான் மிச்சம், அதற்காக நான் 11 யூனிட் மின்சாரமும் செலவழித்திருந்தேன். நெடுஞ்சாலையில் பிளக்-இன்னும் ஹைபிரிட்டும் ஏறக்குறைய ஒன்றே. இதை விற்பனையாளர்கள் யாரும் எனக்குச் சொல்லவில்லை.

ஒரு சின்ன உத்தி மட்டும் உண்டு. பெரும்பாலான பிளக்-இன்களில் பேட்டரியைச் சேமித்து வைக்கும் பொத்தான் இருக்கும். வேகமாகப் போகும் நெடுஞ்சாலையில் எஞ்சினை ஓடவிட்டு, போய்ச் சேரும் ஊரின் நெரிசலுக்கு மின்சாரத்தை மிச்சம் வைப்பேன். எஞ்சினுக்கு நெடுஞ்சாலை பிடிக்கும், மோட்டாருக்கு நெரிசல் பிடிக்கும். அப்புறம், எஞ்சினை வைத்தே பேட்டரியை நிரப்பும் இன்னொரு பொத்தானும் இருக்கும். அதைத் தொடாதீர்கள். பெட்ரோலை மின்சாரமாக்கி, அதை வேதிப்பொருளில் சேமித்து, மறுபடி மின்சாரமாக்கினால் ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் போய்விடும்.

அக்கா அன்று வழியில் ஒரு தடவை நிறுத்தி, அரை மணி நேரம் வேகச் சார்ஜ் போட்டாள். எப்படியும் சாப்பிட நிறுத்த வேண்டியிருந்தது, அதனால் போகும்போது நேரம் போனதே தெரியவில்லை. திரும்பும்போது அதே இடத்தில் இருந்த இரண்டு சார்ஜர்களில் ஒன்று பழுது, மற்றொன்றில் வேறொரு கார். நாற்பது நிமிடம் காத்திருந்துவிட்டு, அதற்குப் பிறகு சார்ஜ் போட்டாள். நானும் தம்பியும் பெட்ரோல் பங்கில் ஐந்து நிமிடத்தில் வெளியே வந்துவிட்டோம். பிளக்-இன் வாங்கியதற்காக நான் மனதார மகிழ்ந்த நாள் அது. ஆனால் அப்படிப்பட்ட நாள் வருடத்துக்கு எத்தனை? எனக்கு எட்டோ பத்தோ.

என் காரில் வேகச் சார்ஜ் வசதி கிடையாது. மிட்சுபிஷி அவுட்லேண்டர் போலச் சிலவற்றில் உண்டு. பலவற்றில் இல்லை. எஞ்சின் இருக்கும்போது அதற்கு அவசியமும் குறைவு.

அக்கா காரோடு உண்மையான போட்டி

மூன்று வருடத்தில் எனக்குத் தெளிவானது இதுதான். பிளக்-இன் ஹைபிரிட்டால் முழுப் பலன் பெறுபவர் யார்? வீட்டில் பிளக் உள்ளவர், தினமும் சார்ஜ் போடும் பழக்கம் உள்ளவர், அன்றாட ஓட்டம் குறைவாக உள்ளவர். அந்த மூன்றும் இருப்பவர் முழு மின்சார காரையும் வைத்து வாழ முடியும்! அக்காவின் 60 யூனிட் பேட்டரியை என் பிளக்கில் காலியிலிருந்து நிரப்ப ஒரு நாளுக்கு மேல் ஆகும், உண்மைதான். ஆனால் யாரும் தினமும் காலி செய்வதில்லை. 34 கி.மீ.க்குச் செலவாகும் ஏழு யூனிட்டை மட்டும் திருப்பி நிரப்ப நாலு மணி நேரம் கூட ஆகாது. மறுபக்கம், பிளக்கே இல்லாதவருக்குத் தம்பியின் வண்டிதான் சரி. நடுவில் பிளக்-இன்னுக்கு மிஞ்சுவது குறுகலான இடம்: ஒரே கார் வைத்திருக்கும் வீடு, வீட்டில் பிளக் உண்டு, ஆனால் சார்ஜர் அரிதான பக்கங்களுக்கு அடிக்கடி போக வேண்டும். நான் அந்த இடத்தில் நிற்கிறேன், அதனால் வருத்தமில்லை. என் அண்டை வீட்டுக்காரருக்கு இதே காரைப் பரிந்துரைப்பேனா என்றால், முதலில் நாலு கேள்வி கேட்பேன்.

எஞ்சினும் மோட்டாரும் ஒன்றாக இருப்பதில் சில தொல்லைகள் உண்டு. பேட்டரியில் சார்ஜ் இருக்கும்போதே எஞ்சின் எழுந்துகொள்ளும். ஆக்சிலேட்டரை முழுதாக மிதித்தால் எழும். கடுங்குளிரில் கண்ணாடிப் பனியை நீக்க ஹீட்டர் போட்டால், என் காரில் எழும். வெளிக்காற்றின் வெப்பத்தை எடுத்து உள்ளே தரும் வெப்பப் பம்பு உள்ள பிளக்-இன்களில் இந்தத் தொல்லை குறைவு. குளிர்ந்த எஞ்சின் ஒரு கிலோமீட்டர் ஓடி நிற்பது அதற்கு நல்லதில்லை. எரியாத பெட்ரோல் ஆயிலில் கலக்கும், வினையூக்கி சூடாகாமல் புகை சுத்தமாகாது. அதனால் எஞ்சின் எழுந்துவிட்டால் உடனே அணைக்காமல் பத்துப் பதினைந்து நிமிடம் ஓடவிடுவதை நான் வழக்கமாக்கிக்கொண்டேன்.

இன்னொன்று, பழைய பெட்ரோல். மாதக்கணக்கில் டேங்கிலேயே கிடந்தால் பெட்ரோல் கெடும். வோல்ட்டில் இதற்கென்றே ஏற்பாடு இருந்தது. ஆறு வாரம் போல எஞ்சின் ஓடவில்லையென்றால் பராமரிப்புக்காகத் தானே ஓட்டிக்கொள்ளும். பெட்ரோல் ஒரு வருடம் பழசானால் அதை எரித்துத் தீர்க்கும். ஆவி வெளியேறாமலிருக்கப் பல பிளக்-இன்களில் டேங்கை அழுத்தத்தில் மூடி வைத்திருப்பார்கள். பெட்ரோல் போடும் முன் பொத்தானை அழுத்தி, அழுத்தம் இறங்கும்வரை சில நொடி காத்திருக்க வேண்டும். முதல் தடவை மூடி திறக்காமல் நான் திண்டாடினேன். டேங்கை நிரப்பி வைக்காமல் பாதிக்குக் கீழேயே வைத்துக்கொள்கிறேன், நீண்ட பயணத்துக்கு முன்தான் நிரப்புவேன்.

பேட்டரி ஆயுள் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். இதில் சின்னப் பேட்டரிக்குத்தான் வேலை அதிகம். நான் 45 கி.மீ. ஓட்டினால் என் பேட்டரி நிறைந்து தீரும் ஒரு முழுச் சுற்று முடிந்துவிடும். ஆயிரம் சுற்று என்றால் 45,000 கி.மீ. அக்காவுக்கு ஒரு சுற்று 350 கி.மீ. ஆயிரம் சுற்றுக்கு மூன்றரை லட்சம் கி.மீ. இதனால்தான் தயாரிப்பாளர்கள் பிளக்-இன் பேட்டரியை மேலும் கீழும் முழுதாகப் பயன்படுத்த விடுவதில்லை. முதல் வோல்ட்டின் 16 யூனிட்டில் ஓட்டக் கொடுத்தது சுமார் 10தான். அந்த ஒதுக்கீடு வீணில்லை என்பதை என் காரே காட்டுகிறது. மூன்று வருடத்தில் 52 கி.மீ. 49 ஆகியிருக்கிறது, அவ்வளவே.

சர்வீஸில் பெரிய வேறுபாடு இல்லை. எஞ்சின் குறைவாக ஓடினாலும் ஆயிலை வருடத்துக்கு ஒருமுறை மாற்றத்தான் வேண்டும். அக்காவுக்கு அதுவும் இல்லை. மோட்டாரே வேகத்தைப் பிடித்து நிறுத்துவதால் மூவருக்குமே பிரேக் பேட் மெதுவாகத்தான் தேய்கிறது. என் டிக்கியின் தரை பேட்டரியால் உயர்ந்திருக்கிறது, தம்பி காரில் ஒரு பெட்டி கூடுதலாக வைக்கலாம்.

பழைய பிளக்-இன் வாங்க நினைப்பவர்களுக்கு ஒன்று. டிக்கியைத் திறந்து சார்ஜ் கேபிளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். கைப்பிடி தேய்ந்து, வயரில் மடிப்பு விழுந்திருந்தால் முன்பு வைத்திருந்தவர் சார்ஜ் போட்டு ஓட்டியிருக்கிறார். எஞ்சின் குறைவாக ஓடியிருக்கும், பேட்டரி நிறையச் சுற்றியிருக்கும். முழு சார்ஜில் எத்தனை கி.மீ. போகிறது என்று ஓட்டிப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள். கேபிள் உறை பிரிக்காமல் அப்படியே இருந்தால், ஓடோமீட்டரில் தெரியும் தூரத்தில் பெரும்பகுதியை எஞ்சின்தான் இழுத்திருக்கிறது. அப்போது பேட்டரியைப் பார்ப்பதோடு நிற்காமல், சாதாரணப் பெட்ரோல் காரைச் சோதிப்பதுபோல ஆயில், கசிவு, புகை எல்லாவற்றையும் மெக்கானிக்கை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.