கலக்கும் நேரத்தை அளக்க: கண்டக்டிவிட்டி புரோபா, நிறம் மறையும் முறையா?

தொட்டியில் ஊற்றியது எங்கும் சீராகப் பரவ எடுப்பதே கலக்கும் நேரம். செக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) இருக்கிற ஊர் என்பதாலோ என்னவோ, காரைக்குடிப் பக்கம் கலக்கும் தொட்டியில் புராஜெக்ட் எடுப்பவர்களின் கை முதலில் கண்டக்டிவிட்டி புரோபுக்குத்தான் போகும். உப்பைப் போட்டால், அது பரவுவதைத் தண்ணீரின் கடத்துத்திறனை வைத்து அது அளக்கும். கிராஃப் தானே வரும், எண் கிடைக்கும். ஆனாலும் தொட்டி கண்ணாடியோ அக்ரிலிக்கோ என்றால் என் ஓட்டு நிறம் மறையும் முறைக்கே.

கணக்குக்கு ஒரு தொட்டியை எடுத்துக்கொள்வோம். 20 செ.மீ. விட்டம், அதே உயரத்துக்குத் தண்ணீர், 6.3 லிட்டர் பிடிக்கும். 6.7 செ.மீ. ரஷ்டன் டர்பைன் (தட்டில் நிமிர்ந்த இலைகள் பொருத்திய இம்பெல்லர், அதாவது சுழலும் கலக்கி), 2 செ.மீ. அகலத்தில் நான்கு பேஃபிள் (சுவரோரத் தடுப்புப் பட்டை). 300 ஆர்பிஎம்மில் ரெனால்ட்ஸ் எண் (ஓட்டம் எவ்வளவு கொந்தளிப்பானது என்று காட்டுவது) சுமார் 22,000. வழக்கமான சூத்திரப்படி 95 சதவீதம் கலக்க 5.5 நொடி ஆகும். புரோபே ஒரு நொடி தாமதமாகப் பதில் சொன்னால் இதில் என்ன மிஞ்சும்? போதாக்குறைக்கு, வெப்பநிலை ஒரு டிகிரி ஏறினால் கடத்துத்திறனும் 2 சதவீதம் ஏறும். ஒவ்வொரு முறை போடும் 2 கிராம் உப்பும் தொட்டியிலேயே தங்கி, அடிப்படை அளவை 600 மைக்ரோசீமன்ஸ் போல உயர்த்திக்கொண்டே போகும்.

நிறமுறைக்கு 0.05 நார்மல் செறிவில் அயோடின் 20 மி.லி., அன்றே காய்ச்சிய ஸ்டார்ச் கொஞ்சம். தண்ணீர் கருநீலமாகும், தயோசல்ஃபேட் ஊற்றினால் வெளுக்கும். சூட்சுமம் ஊற்றும் அளவில் இருக்கிறது. சரிக்குச் சரி ஊற்றினால் கடைசி நீலம் போகவே போகாது. தாராளமாக ஊற்றினால் கலக்கும் முன்பே வெளுத்து, நேரம் பொய்யாகக் குறையும். தேவையான அளவை 0.95ஆல் வகுத்து ஊற்றுங்கள்: 20 மி.லி. என்றால் 21. அப்போது கடைசித் துளி நீலம் மறைவதும் 95 சதவீதக் கலப்பும் ஒரே நேரத்தில் நிகழும். தேவையான அளவைப் பாட்டில் லேபிளைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். தயோசல்ஃபேட் நாள்பட வலு இழக்கும், குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் அதுவும் கணக்கைக் கெடுக்கும். முதல் முறை நிரப்பிய தொட்டியையே பியூரெட் வைத்துத் தைட்ரேட் செய்துவிட்டு (நீலம் போகும்வரை தயோசல்ஃபேட்டைச் சொட்டுச்சொட்டாக விட்டு அளவைக் கண்டுவிட்டு), அதே குழாய்த் தண்ணீரைப் புதிதாக நிரப்பி அளவெடுங்கள். சித்திரை வெயிலில் லேப் கொதிக்கும்போது ஸ்டார்ச் நீலம் வெளிறும் என்பதால் காலையிலேயே முடிப்பது நல்லது.

படமெடுக்க, வட்டத் தொட்டியைத் தண்ணீர் நிரப்பிய சதுர அக்ரிலிக் பெட்டிக்குள் வைத்தால் பிம்பம் கோணாது. பின்னால் டிரேசிங் பேப்பர், அதற்கும் பின்னால் எல்இடி. போனில் எக்ஸ்போஷரை லாக் செய்ய மறக்க வேண்டாம்.

இதையெல்லாம் விட, தீர்ப்பைத் தீர்மானிப்பது சுழல் வளையம். தண்ணீருக்குப் பதில் கிளிசரின் ஊற்றி, பேஃபிளைக் கழற்றிவிட்டு, புரோமோதைமால் புளூ (காரத்தில் நீலமும் அமிலத்தில் மஞ்சளும் காட்டும் சாயம்) கலந்து, லேசாகக் காரம் சேர்த்து நீலமாக்குங்கள். பிறகு அமிலத்தைக் கிளிசரினிலேயே கரைத்து ஊற்றுங்கள். தண்ணீரில் கரைத்தால் மேலேயே மிதக்கும். தொட்டி மஞ்சளாகும், ஆனால் இம்பெல்லருக்கு மேலொன்றும் கீழொன்றுமாக உளுந்துவடை போல இரண்டு நீல வளையங்கள் நெடுநேரம் அசையாமல் நிற்கும். உள்ளே சுழலும் திரவம் வெளியே வருவதில்லை. புரோப் வளையத்துக்கு வெளியே இருந்தால் 'கலந்தாயிற்று' என்று சொல்லிவிடும். வளையத்துக்குள் நுழைத்தால் அந்தக் கம்பியே ஓட்டத்தைக் கலைக்கும். வளையத்தை உடைக்க வேகத்தைக் கூட்டிக் குறைத்தாலே போதும். ஓட்டம் நேரத்தோடு மாறினால் துகள்களின் பாதை தாறுமாறாகி நன்றாகக் கலக்கும் என்று ஹசன் ஆரெஃப் 1984இல் காட்டியது இங்கே கண்ணெதிரே நடக்கும்.

கிளிசரினில் தெர்மாமீட்டர் கட்டாயம். 30 டிகிரியில் இருக்கும் பாகுத்தன்மை 40இல் பாதிக்கும் கீழே போய்விடும். அதே 300 ஆர்பிஎம்மில் ரெனால்ட்ஸ் எண் 47இலிருந்து 100ஐ நெருங்கும். அப்புறம் நேற்றைய படத்தோடு இன்றையதை ஒப்பிடவே முடியாது.

காற்றுக் குமிழி விடும் தொட்டிக்கு இந்தத் தீர்ப்பை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். நான் சொல்வது தெளிந்த திரவத்துக்கு. ஸ்டீல் தொட்டி என்றால் புரோபைத் தவிர வழியில்லை. ஒன்றோடு நிறுத்தாமல் மூன்று வையுங்கள்: மேற்பரப்புக்கு அருகில், இம்பெல்லருக்கு அடியில், ஒரு பேஃபிளின் முதுகுப்பக்கம். மூன்றில் எது கடைசியாக அடங்குகிறதோ அதுவே கலக்கும் நேரம், சராசரி எடுக்காதீர்கள்.