கண்ணு டிஎன்பிக்கு (எம்பிபிஎஸ் முடிச்சிட்டு கண் டாக்டராக எழுதுத பரீட்சை) அந்த கொஸ்டின் பேங்க் ஆப், விலை கொறஞ்சிருக்கு, வாங்கலாமா?

விலைய கொறச்சிட்டாங்கல்லா, ஜூனியர் தம்பி ஒருத்தன் காலைல இருந்து "யக்கா, வாங்கட்டா வேண்டாமா"ன்னு மெசேஜா போடுதான், அவனுக்கு எழுதுனத எல்லாருக்குமா இங்க போடுதேன்.

ஆப்டிக்ஸ் இதுல அருமை. இன்டைரக்ட்ல, அதான் தலையில லைட்ட மாட்டி, கையில லென்ஸ் புடிச்சு விழித்திரைய பாக்குததுல, 20 டயாப்டர் பவர் லென்ஸ் வச்சா ஏன் 3 மடங்கு பெருசா தெரியுது, கண்ணோட பவர் 60, அத 20-ஆல வகுத்தா 3, அதே 28 வச்சா ரெண்டு சொச்சம்தான் ஆனா ஃபீல்டு (ஒரே நேரத்துல தெரியுத பரப்பு) கூட, இத இவ்வளவு தெளிவா எனக்கு வேற யாரும் சொல்லித்தரல. நெட் இல்லாமயும் ஓடும், பாளையில இருந்து வள்ளியூர் பக்கம் கேம்ப்புக்கு வேன்ல போகும்போதே ஒரு செட் முடிச்சிரலாம். ரெட்டினாவும் சோடை போகல.

ஆனா அந்த பிளைண்ட்னெஸ் டெஃபனிஷன்! ரெண்டுல நல்லா தெரியுத கண்ணுல 6/60-க்கு கீழன்னு (சாதாரணமா 60 மீட்டர்ல தெரியுதது 6 மீட்டர்லதான் தெரியும்னா அது 6/60) இன்னும் போட்டுருக்காங்க. நம்ம நாட்டு பார்வையிழப்பு தடுப்பு தேசிய திட்டத்துல 2017-லயே அத 3/60-ன்னு மாத்தியாச்சு, டபிள்யூஹெச்ஓ கணக்கோட ஒத்துப்போகணும்னு. ரிப்போர்ட் பட்டன அழுத்தி எழுதிப் பாத்தேன், ஸ்கிரீன்ஷாட்டோட மெயிலும் போட்டேன், "நன்றி, பரிசீலிக்கிறோம்"னு பதில் வரும், அடுத்த அப்டேட்லயும் அதே 6/60. சரியான ஆன்சர தொட்டா செவப்பு காட்டுது, பாக்கும்போதெல்லாம் பத்திக்கிட்டு வருது.

கேம்ப்புல ஒரு ஆச்சிக்கு நல்ல கண்ணுல 5/60 தெரியுதுன்னு வைங்க, பழைய கணக்குல பிளைண்ட், இப்ப சிவியர் விஷுவல் இம்பேர்மென்ட், எழுதுத கட்டமே மாறிப்போகும். பரீட்சையும் ஆன்சர தொட்டுட்டுப் போற பரீட்சை இல்ல, ஒரு பேப்பருக்கு 3 மணி நேரம், 10 கேள்வி, எல்லாம் கையால எழுதணும், 4 பேப்பரும் சேத்து 400-க்கு 200 வந்தாதான் தியரி பாஸ். கம்யூனிட்டி ஆப்தல்மாலஜி (ஊர் மக்களோட கண் நலம் பத்தின பாடம்) கேள்வின்னா மொத வரியே டெஃபனிஷன்தான், அங்கயே தப்புன்னா திருத்துதவங்க மீதிய என்ன மனசோட படிப்பாங்க?

ஆப்டிக்ஸுக்காக நான் தெனமும் அத தொறக்கத்தான் செய்யுதேன். இருந்தாலும் தம்பி, வாங்காத. பாதி விலைக்கு குடுத்தாலும், அந்த 6/60-ஐ மாத்துத வரைக்கும் வேண்டாம். பழைய கேள்வித்தாள் கட்டு எங்கிட்ட இருக்கு, பாளை ஐகிரவுண்டுல ஜெராக்ஸ் போட்டுக்கோ, வாச்ச வச்சி 18 நிமிசத்துக்கு ஒரு ஆன்சர்னு எழுதிப் பழகு.