சர்க்கிள் த வேகன்ஸ்: 18 அட்டையில் ஒரு ஊர், நெடுநாள் ஆடிய பிறகு

சர்க்கிள் த வேகன்ஸ் (வண்டிகளை வட்டமாக நிறுத்து என்று பொருள்) என்கிற இந்த அட்டை ஆட்டம் எங்கள் கைக்கு வந்து இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது. பெரிய பெட்டியில் வந்த ஆட்டங்கள் எல்லாம் அலமாரியில் தூசி படிந்து கிடக்க, இது மட்டும் எப்போதும் பையிலேயே இருக்கிறது. வாங்கிய புதிதில் எழுதியிருந்தால் சின்னது, அழகானது, சீக்கிரம் முடிகிறது என்று சொல்லி முடித்திருப்பேன். இப்போது சொல்ல நினைப்பது கொஞ்சம் வேறு. ஊர் கட்டும் ஆட்டம் என்று அட்டைப்படம் சொன்னாலும், உண்மையில் இது எதிரே இருப்பவருக்கு எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கவே கூடாது என்று கணக்குப் போடும் ஆட்டம். அது புரிய எங்களுக்குச் சில மாதங்கள் ஆயின.

தெரியாதவர்களுக்காக: 2017இல் வந்தது. ஸ்டீவன் அராமினி, டேனி டிவைன், பால் க்ளூக்கா என்று மூன்று பேர் சேர்ந்து வடிவமைத்தது. பட்டன் ஷை என்கிற அமெரிக்கப் பதிப்பகம் பர்ஸ் மாதிரியான உறைக்குள் 18 அட்டைகளை வைத்து விற்கும் வரிசையில் இதுவும் ஒன்று. இரண்டு பேர் மட்டும் ஆடலாம். டோக்கன், பகடை, பலகை எதுவும் கிடையாது, அட்டைகள்தான் மொத்த ஆட்டமும்.

ஒவ்வொரு அட்டையின் ஒரு பக்கம் நான்கு கட்டங்களாகப் பிரிந்திருக்கும். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு வகை நிலம், அதன் மேல் வண்டி, மாடு, துப்பாக்கி மாதிரி ஒரு சின்னம். மறுபக்கத்தில் புள்ளி வாங்குவதற்கான ஒரு தனி விதி எழுதியிருக்கும். கலைத்து மூன்று அட்டைகளை எடுத்து விதிப் பக்கம் மேலே தெரிய நடுவில் வைக்க வேண்டும், மீதி 15 அட்டைகளை அவற்றைச் சுற்றி வட்டமாக அடுக்க வேண்டும். உங்கள் முறையில் கடிகாரச் சுற்றில் அடுத்த அட்டையை எடுக்கலாம், அல்லது எத்தனை அட்டையை வேண்டுமானாலும் தாண்டிப்போய் பிடித்ததை எடுக்கலாம். ஆனால் தாண்டிய அட்டைகள் எல்லாம் இலவசமாக எதிராளிக்குப் போய்விடும். அவர் அவற்றையும் தன் ஊரில் வைத்துவிட்டு, பிறகு தன் முறையை ஆடுவார். கடைசியில் ஆறு வகை நிலத்திலும் உங்களுடைய மிகப் பெரிய தொடர்ச்சியான பரப்பை எண்ணி கட்டத்துக்கு ஒரு புள்ளி, அதற்கு மேல் நடுவில் இருக்கும் மூன்று விதிகளின் புள்ளி. இவ்வளவுதான். சொல்லிக் கொடுக்க ஐந்து நிமிடம் கூட வேண்டாம்.

பேட்ச்வொர்க் ஆடியவர்களுக்கு இந்த வட்டம் பழகியதாகத் தெரியும். ஊவே ரோசன்பெர்க் 2014இல் கொண்டுவந்த அந்த ஆட்டத்திலும் துண்டுகள் வட்டமாகக் கிடக்கும், ஆனால் அடுத்த மூன்று துண்டுகளில் ஒன்றைத்தான் எடுக்க முடியும், தாண்டிய துண்டு அங்கேயே கிடக்கும். இங்கே கிடக்காது. அந்த ஒரு வித்தியாசத்தில்தான் இந்த ஆட்டத்தின் மொத்த உயிரும் இருக்கிறது. நாலு அட்டை தள்ளி அருமையான ஒன்று கண்ணில் படுகிறது, அதை எடுத்தால் நடுவில் இருக்கும் மூன்றும் எதிராளிக்கு. அந்த ஒன்று மூன்றுக்குச் சமமா? புதிதாக ஆடுபவர்கள் ஆசையில் பாய்ந்துவிடுவார்கள், மூன்று அட்டை என்றால் 12 கட்டங்கள் என்பது எண்ணிக்கை எடுக்கும்போதுதான் உறைக்கும்.

நானும் தம்பியும்தான் பெரும்பாலும் ஆடுவோம். ஆரம்பத்தில் இருவரும் அவரவர் ஊரை மட்டுமே பார்த்துக்கொண்டு ஆடினோம், எல்லாரும் அப்படித்தான் தொடங்குவார்கள். அப்புறம் குப்பை தள்ளும் காலம் வந்தது. எனக்கு உதவாத அட்டைகளாகப் பார்த்துத் தாண்டுவான், "இந்தா, மூணும் உனக்குத்தான்க்கா" என்று வள்ளல் மாதிரி நீட்டுவான். அது வேலை செய்யாது என்று கண்டுபிடிக்கக் கொஞ்ச நாள் ஆனது. காரணம், இந்த ஆட்டத்தில் புது அட்டையைப் பழைய அட்டையின் மேல் ஏற்றி வைக்கலாம் (அடியில் சொருகத்தான் கூடாது). வேண்டாத கட்டத்தை அடுத்த அட்டையால் மூடிவிடலாம். ஆகவே இலவசமாக வரும் அட்டை அனேகமாக எப்போதும் லாபம்தான், மிக மோசமான அட்டையில் கூட ஏதோ ஒரு கட்டம் உங்கள் காட்டையோ மலையையோ ஒன்று நீட்டித் தரும். விதி அட்டைகளில் புள்ளியைக் குறைக்கும் ஏதாவது வந்திருந்தால் மட்டும் இந்தக் கணக்கு மாறும், அப்போது தள்ளிவிடுவதற்கு அர்த்தம் உண்டு.

மேலே ஏற்றி வைப்பது பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலரும் இதைச் சரியாகப் பயன்படுத்துவதில்லை. ஒரு அட்டையைப் பக்கத்தில் வைத்தால் நான்கு கட்டமும் கிடைக்கும். ஒரு கட்டத்தை மூடி வைத்தால் நிகரமாக மூன்றுதான். இதைப் பார்த்து பயந்து எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் பரப்பினால் ஊர் அகலமாக வளரும், ஆனால் நிலங்கள் துண்டு துண்டாகக் கிடக்கும், எண்ணும்போது மிகப் பெரிய ஒரு துண்டுக்கு மட்டும்தான் புள்ளி என்பதால் மற்றவை வீண். இரண்டு காட்டுத் துண்டுகளுக்கு நடுவே ஒற்றைப் பாலைவனக் கட்டம் குறுக்கே நிற்கிறது என்றால் அதன் மேல் ஒரு காட்டுக் கட்டத்தை இறக்கினால் போதும், இழந்தது ஒரு கட்டம், இணைந்தது நாலைந்து. எந்தக் கட்டத்தை மூடலாம் என்று பார்க்கத் தெரிந்துவிட்டால் பாதி ஆட்டம் கைக்கு வந்துவிடும்.

நாங்கள் அடுத்துக் கற்றுக்கொண்டது கடைசி சில அட்டைகளை ஆடும் விதம். இங்கே ஒளிவு மறைவு எதுவும் கிடையாது, 15 அட்டையும் ஆரம்பத்திலிருந்தே கண்முன் கிடக்கின்றன, கலைத்து முடித்த பிறகு அதிர்ஷ்டத்துக்கு வேலையே இல்லை. அதனால் முடிவை நெருங்க நெருங்க இது கணக்காகவே மாறிவிடும். மூன்று அட்டை மிச்சம், உங்கள் முறை என்று வையுங்கள். முதல் அட்டையை எடுத்தால், எதிராளி மீதி இரண்டில் ஒன்றை எடுப்பார், மற்றது உங்களுக்கு வரும், ஆக உங்களுக்கு இரண்டு அவருக்கு ஒன்று. நடு அட்டைக்கு ஆசைப்பட்டால் முதல் அட்டை அவருக்குப் போகும், கடைசியும் அவருக்கே. மூன்றாவதை எடுத்தால் முன்னே உள்ள இரண்டும் அவருக்கு. அதாவது முதல் அட்டை தவிர எதைத் தொட்டாலும் எதிராளிக்கு இரண்டு. இதே இரண்டு அட்டை மிச்சம் இருக்கும்போது முறை வந்தால் முழுச் சுதந்திரம், பிடித்ததை எடுத்துக்கொண்டு மற்றதைத் தரலாம். ஆக, அந்த இரண்டு அட்டை மிச்சம் என்கிற இடத்தில் யார் முறை விழும் என்பதை நாலைந்து அட்டை இருக்கும்போதே யோசிக்க வேண்டும். இது பிடிபட்ட பிறகு எங்கள் ஆட்டங்களின் வித்தியாசம் இரண்டு மூன்று புள்ளிக்குள் சுருங்கிவிட்டது.

18இல் மூன்று விதிகள் என்றால் மொத்தம் 816 சேர்க்கைகள். எல்லாம் ஒரே தரம் என்று சொல்ல மாட்டேன். குறிப்பிட்ட நிலத்தில் குறிப்பிட்ட சின்னம் இருந்தால் புள்ளி, இன்னின்ன சின்னங்கள் ஒட்டி அமைந்தால் புள்ளி என்கிற வகையில் இவை போகும். மூன்று விதிகளும் ஒரே சின்னத்தைத் துரத்தச் சொன்னால் ஆட்டம் அனல் பறக்கும், ஆளுக்கொரு பக்கமாகப் போகச் சொன்னால் கொஞ்சம் சப்பென்று இருக்கும், அவரவர் வேலையை அவரவர் பார்த்துக்கொண்டு முடித்துவிடுவோம். இன்னொரு நுணுக்கம்: விதியாக நடுவில் போன மூன்று அட்டைகளின் மறுபக்க நிலங்கள் அந்த ஆட்டத்தில் கிடையாது. மாடு தொடர்பான ஒரு விதி வந்து, மாடுகள் இருந்த அட்டையே விதியாகப் போயிருந்தால் மாட்டுப் பஞ்சம்தான். வட்டத்தை அடுக்கியதும் வேண்டிய சின்னம் எத்தனை கிடக்கிறது என்று ஒரு சுற்று எண்ணிவிட்டுத் தொடங்குவது நல்லது.

சரி, குறைகள். பாக்கெட்டில் அடங்கும் ஆட்டம் என்பது உண்மை, ஆனால் பாக்கெட்டில் அடங்குவது பர்ஸ் மட்டும்தான். 15 அட்டை வட்டம், நடுவில் மூன்று, இரண்டு பக்கமும் வளரும் இரண்டு ஊர்கள் என்று பரப்பினால் நல்ல அகலமான மேசை வேண்டும். ரயில் இருக்கையின் மடக்கு மேசையில் இதை ஆட வழியே இல்லை, பயண ஆட்டம் என்று நினைத்து வாங்குபவர்கள் இதைக் கவனிக்கவும். வட்டமாக வைக்க இடமில்லாதபோது நாங்கள் இரண்டு வரிசையாக அடுக்கி ஓரத்தில் திரும்பிப் போவதாக வைத்துக்கொள்வோம், ஒரு பிரச்சினையும் இல்லை.

எல்லாம் வெளிப்படையாக இருப்பதன் பக்க விளைவு, யோசிப்பவர்கள் யோசித்துக்கொண்டே இருப்பார்கள். கால் மணி நேர ஆட்டம் என்று நம்பி உட்கார்ந்தால் தம்பி மாதிரி ஆளோடு முக்கால் மணி நேரம் ஆகும். முடிவில் எண்ணுவதும் கொஞ்சம் அலுப்புதான். ஆறு நிலங்களையும் தனித்தனியாகக் கட்டம் கட்டமாக எண்ண வேண்டும், ஏற்றி வைத்த அட்டைகள் நகர்ந்துவிட்டால் எது எதன் மேல் இருந்தது என்று ஒரு வழக்கே நடக்கும். ஸ்கோர் எழுதும் தாள் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

கதைக்களம் என்று பார்த்தால் மெல்லியதுதான். அமெரிக்க மேற்கில் ஊர் எழுப்புகிறீர்கள் என்று சொன்னாலும் பனிக்குப் பக்கத்தில் பாலைவனம், அதற்குப் பக்கத்தில் ஏரி என்று பூகோளமே கேலியாக இருக்கும். ஓரிகன் பாதை என்கிற வழியாக மேற்கு நோக்கிப் போன குடியேறிகள் இரவில் வண்டிகளை வட்டமாக நிறுத்தியது பெரும்பாலும் தங்கள் கால்நடைகள் எங்கும் ஓடிவிடாமல் இருக்கத்தான், அந்த வட்டத்தை அட்டை அடுக்கும் முறையிலேயே கொண்டுவந்தது அழகு. மற்றபடி இந்த நிலமெல்லாம் வெறுமனே கிடந்தது, வந்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள் என்கிற பார்வைதான் இந்த வகை ஆட்டங்கள் எல்லாவற்றிலும். 1862ஆம் ஆண்டின் ஹோம்ஸ்டெட் சட்டம் ஆளுக்கு 160 ஏக்கர் வரை வழங்கிய நிலத்தில் ஏற்கெனவே பூர்வகுடிகள் வாழ்ந்திருந்தார்கள், அவர்கள் இந்த அட்டைகளில் இல்லை. விளையாட்டில் அதையெல்லாம் எதிர்பார்க்க முடியுமா என்று கேட்கலாம், எனக்கு உறுத்துகிறது, அவ்வளவுதான்.

இதற்குப் பதில் வேறு எது என்று கேட்பவர்களுக்கு: போட்டி வேண்டாம், சேர்ந்து ஆட வேண்டும் என்றால் அதே மூவர் 2018இல் செய்த ஸ்ப்ராலோபொலிஸ். அதிலும் 18 அட்டை, அதிலும் மூன்று விதி, ஆனால் எல்லாரும் சேர்ந்து ஒரே நகரம் கட்டி விதி அட்டைகளில் உள்ள எண்களின் கூட்டுத்தொகையைத் தாண்ட வேண்டும், தனியாகவும் ஆடலாம். எனக்கு அதைவிட இதுவே பிடிக்கும், ஆனால் தனியாக ஆட எடுப்பது அதைத்தான். நிலம் சேர்க்கும் ஆசை மட்டும் போதும், தலைவலி வேண்டாம் என்றால் ப்ரூனோ கதாலாவின் கிங்டோமினோ. நல்ல நிலத் துண்டை எடுத்தவர் அடுத்த சுற்றில் பின்னால் காத்திருக்க வேண்டும் என்கிற அதன் விதியும் ஆசைக்கு விலை வைப்பதுதான், ஆனால் இந்த அளவுக்கு வலிக்காது. குழந்தைகளோடு ஆட அதுவே சரி. சர்க்கிள் த வேகன்ஸ் சமமான இரண்டு பேருக்கானது, ஒருவர் நெடுநாள் ஆடியவர் மற்றவர் புதியவர் என்றால் புதியவர் அடி வாங்குவார்.

அட்டைகளின் நிலைமையையும் சொல்லிவிடுகிறேன். இவ்வளவு கலைத்தால் எந்த அட்டையும் ஓரம் வெளுக்கும், எங்களுடையதும் வெளுத்திருக்கிறது. சாதாரணச் சீட்டுக்கட்டு என்றால் அடையாளம் தெரிந்து கட்டே கெட்டிருக்கும். இதில் எல்லாம் முகம் காட்டியே கிடப்பதால் ஆட்டத்துக்கு ஒரு பாதிப்பும் இல்லை. ஒவ்வொரு அட்டைக்கும் பிளாஸ்டிக் உறை போடுவதென்றால் இரண்டு பக்கமும் கண்ணாடி போலத் தெரியும் வகையை வாங்குங்கள், பின்பக்கம் நிறம் போட்டது இதற்கு உதவாது. நாங்கள் தடித்த உறையைப் போட்டுப் பார்த்ததில் பர்ஸ் உப்பி மூட மறுத்தது, அட்டையை மேலே ஏற்றி வைத்தாலும் வழுக்கிக்கொண்டே போனது. உறையைக் கழற்றிவிட்டோம்.