குதிரையை அனுப்புவதா, பயிற்சியாளரை வரவழைப்பதா?

கீழே தள்ளியோ தறிகெட்டு ஓடியோ ஒரு குதிரை அச்சுறுத்திய பிறகு, அதன் உரிமையாளர் முன் பொதுவாக மூன்று வழிகள் இருக்கின்றன. குதிரையைச் சில வாரங்களுக்குப் பயிற்சியாளரின் லாயத்தில் விட்டுவிடலாம். பயிற்சியாளரைத் தம் இடத்துக்கு வரவழைத்து அதே குதிரையோடு சேர்ந்து கற்கலாம். அல்லது அக்குதிரையைச் சிறிது காலம் ஒதுக்கிவைத்து, சாதுவான வேறொரு குதிரையில் பாடம் கேட்கலாம். மூன்றையும் நான் ஒரே அளவுகோலால் அளக்கிறேன்: பயிற்சியாளர் விடைபெற்ற பிறகு, அந்த மனிதரும் அந்தக் குதிரையும் தனியே நிற்கும்போது என்ன மிஞ்சியிருக்கும்?

எந்த வழியைத் தேர்ந்தாலும் அதற்கு முன்பே முடிய வேண்டியது கால்நடை மருத்துவரின் சோதனை. பொருந்தாத சேணம், கூர்ந்துபோன கடைவாய்ப்பற்கள், முதுகுவலி, குளம்புக் கோளாறு, இரைப்பைப் புண் ஆகிய எதுவும் 'முரட்டுத்தனம்' என்ற தோற்றத்தில் வெளிப்படலாம். சவாரியின்போது வலியை உணர்த்தும் 24 நடத்தைகளைத் தொகுத்த ஒரு பட்டியல் இருக்கிறது. அவற்றில் எட்டோ அதற்கு மேலோ தென்பட்டால் தசை, எலும்பு சார்ந்த வலியை ஐயுற வேண்டும் என்பது அதன் கணக்கு. இச்சோதனையைப் பற்றிக் கேட்காமலேயே கடிவாளத்தைக் கையில் எடுக்கும் பயிற்சியாளரை நான் முதல் நாளே தவிர்த்துவிடுவேன்.

குதிரையை அனுப்பிவைப்பதன் பலம், சரியான கணத்தைத் தவறவிடாத பயிற்சியாளரின் கையில் இருக்கிறது. அழுத்தம் தளரும் கணத்திலிருந்துதான் குதிரை பெரும்பாலும் கற்கிறது. நிறுத்தச் சொல்லி லகானை இழுத்தவர், அது நின்றவுடன் பிடியைத் தளர்த்தினால் நிற்பதே விடை என்று அது புரிந்துகொள்கிறது. அஞ்சியவரோ அது நின்ற பிறகும் இறுகப் பிடித்திருப்பார், அல்லது அது துள்ளியவுடன் இறங்கிவிடுவார். துள்ளினால் வேலை முடிந்துவிடும் என்பது இப்படித்தான் அதன் மனத்தில் பதிகிறது. அச்சமில்லாத கை ஒன்று அன்றாடம் சவாரி செய்தால், இந்தக் குழப்பம் விரைவாகக் கலையும்.

ஆனால் குதிரையின் கல்வி, இடத்தோடும் ஆளோடும் பிணைந்தது. அங்கே அடக்கமாக நடந்த குதிரை, பழைய மைதானத்தில் பழைய கைகளுக்குள் வந்தவுடன் பழைய விடைகளைத் தேடக்கூடும். உரிமையாளரின் அச்சமோ இவ்வளவு நாளும் தொடப்படாமலே இருந்திருக்கும். 2009இல் வெளியான ஓர் ஆய்வில், நடத்திச் செல்பவர்களிடமும் சவாரி செய்பவர்களிடமும் அடுத்த சுற்றில் குதிரையின் அருகே ஒரு குடை விரிக்கப்படும் என்று சொன்னார்கள். குடை விரிக்கப்படவே இல்லை. ஆயினும் மனிதரின் இதயத்துடிப்போடு குதிரையின் இதயத்துடிப்பும் உயர்ந்தது. திருந்தி வந்த குதிரைமீது திருந்தாத அச்சம் ஏறி உட்கார்ந்தால் என்ன நிகழும் என்பதற்கு இதைவிடத் தெளிவான விடை எனக்குத் தெரியவில்லை.

வரவழைத்துக் கற்கும் வழி மெதுவானது; வாரத்துக்கு ஒருமுறை வருபவரின் வருகைகளுக்கு இடையே பழைய பழக்கம் தலைகாட்டும். ஆனாலும் இங்கே பயிற்சியாளரின் கண் இருவரையும் பார்க்கிறது. தரையில் நின்றபடி நடத்திச் செல்வது, நிறுத்துவது, ஓரடி பின்வாங்கச் செய்வது, பின்பகுதியை விலகச் செய்வது என்று தொடங்கி, அவை சலிப்பூட்டும் அளவுக்கு எளிதான பிறகே அங்கவடியில் கால் வைக்க விடுபவர் நல்ல பயிற்சியாளர். உரிமையாளரின் தோள் இறுகுவதையும் அவர் மூச்சை அடக்குவதையும் பயிற்சியாளர் குதிரைக்கு முன்பே கவனித்துச் சொல்வார். தாமே ஏறிச் சிறிது நேரம் காட்டிவிட்டு, காரணத்தை விளக்கி, உடனே லகானைத் திருப்பித் தருவார். ஒரு மணி நேரமும் தாமே சவாரி செய்து வியக்க வைப்பவரால் உரிமையாளருக்குப் பயன் குறைவு.

இந்த இரண்டு வழிகளிலும் ஒரு பொய்த்தோற்றம் ஒளிந்திருக்கிறது. அஞ்சும் பொருளைக் குதிரைமீது ஓயாமல் திணித்து, தப்ப வழியின்றி அசையாமல் நிற்கச் செய்தால், பார்ப்பவருக்கு அது அமைதியாகவே தெரியும். இறுகிய வாயும், நிலைகுத்திய கண்ணும், அடக்கிய மூச்சும் அந்த அமைதியைக் காட்டிக்கொடுக்கும். அது பின்னொரு நாள் வெடிக்கக்கூடியது.

சாதுவான குதிரையில் கற்பது சேணத்தில் அமரும் முறையையும் சமநிலையையும் நன்றாகவே மீட்டுத் தரும், குறிப்பாக நீண்ட கயிற்றில் வட்டமாக ஓடும் குதிரைமேல் லகானைப் பிடிக்காமல் அமரும் பயிற்சி. எனினும் அங்கே பிறக்கும் துணிச்சல் பெரும்பாலும் அந்தக் குதிரையோடு நின்றுவிடுவதால், இதைத் துணைவழியாகவே கருதுகிறேன்.

மிரளுதல், தயங்குதல், நகர மறுத்தல் போன்றவற்றுக்கு வரவழைத்துக் கற்பதையே பரிந்துரைப்பேன். முன்னங்கால்களைத் தூக்கி நிமிரும் குதிரைக்கும், பிடிக்கடங்காமல் ஓடும் குதிரைக்கும் அது பொருந்தாது. அங்கே உயிர் பணயமாவதால் அனுப்பிவைப்பதே முறை. அப்போதும் இரண்டு நிபந்தனைகளை முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும்: கடைசி நாள்களில் உரிமையாளர் அந்த லாயத்துக்கே சென்று, பயிற்சியாளர் அருகில் நிற்கச் சவாரி செய்ய வேண்டும், குதிரை திரும்பிய பிறகு முதல் சில சவாரிகளுக்குப் பயிற்சியாளர் நேரில் வர வேண்டும். இவற்றுக்கு இசையாதவரிடம் குதிரையை ஒப்படைப்பதைவிட, அதற்குத் தக்க வேறொரு சவாரியாளரைத் தேடிக் கொடுத்துவிடலாமா என்று நேர்மையான ஒரு பயிற்சியாளரிடம் கேட்பது மேல்.