ஒரே கையெழுத்தா, சிகிச்சைக்கு ஒன்றா?

சித்த மருத்துவமனையில் சேரும்போதே ‘எல்லாச் சிகிச்சைக்கும் சம்மதம்’ என்று ஒரே படிவத்தில் கையெழுத்து வாங்கிவிடுவது ஒரு முறை. வேலை சுருக்கம். எண்ணெய்ப் பூச்சுக்கும் ஒற்றடத்துக்கும் அது போதும்.

அட்டை விடுதல் (அட்டைப்பூச்சியை உடலில் விட்டு இரத்தம் உறிஞ்ச வைப்பது), காரநூல் (கார மருந்து ஏற்றிய நூலைக் கட்டுவது) போன்றவற்றுக்குப் போதவே போதாது. தனித்தனிப் படிவம் வேண்டும். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவருக்கு அட்டை விட்டால் கசிவு எளிதில் நிற்காது. அந்த மாத்திரையைப் பற்றிக் கேட்க வைப்பதே தனிப் படிவம்தான். ஆசனவாய் அருகே சீழ் வடியும் துளையான பவுத்திரத்துக்குக் காரநூல் கட்டினால் வலி இருக்கும், நூலை மாற்ற வாரந்தோறும் வரவேண்டும். இதையும் எளிய தமிழில் முன்பே எழுதிக் கொடுக்கலாம். கண்ணாடி மறந்து வந்த பாட்டிக்கு வாசித்துக் காட்ட நேரம் பிடிக்கும்தான். பிடிக்கட்டும். பரிசோதனைக்குத் தந்த சம்மதம் அறுவைச் சிகிச்சைக்குச் செல்லாது என்று 2008-இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது.